தோள்மூட்டுக் குண்டும் நாலு மடிப்புத் துணியும்

ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். போனால் என் வாய் சும்மா இருக்காது. ஆனால் புதிய ஆபரேஷன் தியேட்டர் திறப்பு விழா, கட்டாயம் வரவேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். வாய் சும்மா இருக்கவில்லை.

தியேட்டரைப் பார்த்துக் கண் விரிந்துதான் போனது. சுவரை அடைத்துக்கொண்டு பெரிய டி.வி. மூட்டுக்குள் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் போகவேண்டும் என்பதை மெஷினே முடிவு செய்கிறது. போன தண்ணீர் குழாய் வழியாக மூடி போட்ட டப்பாவுக்குள் இறங்குகிறது. டப்பா நிறைந்ததும் அப்படியே மூடி சீல் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். எல்லாம் சரி, அந்தத் தண்ணீர் எதன் வழியாக வடிகிறது என்று கேட்டேன். இப்போதைய தியேட்டர் நர்ஸ் நித்யா கெட்டிக்காரப் பெண். "நேரா டப்பாவுக்குள்ள போயிடும் மேடம். யாரும் தொடவே வேணாம்" என்றாள்.

"யாரும் பாக்கவும் வேணாமா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கழுவி விட்ட தண்ணீரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு கையில் கேக் தட்டை வைத்துக்கொண்டு, நடுவில் வந்து வந்து போட்டோ எடுத்தவர்களுக்கும் நின்றுகொண்டு, அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு வந்தது எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலூரில் நர்ஸிங் படித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேள்வி கேட்காதே என்று சொல்லிக்கொடுத்தார்கள், அது மட்டும் எனக்கு ஏறவில்லை. எண்பத்தொன்பதில் திருவண்ணாமலைக்கு வந்து, வேங்கிக்கால் பக்கம் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அப்போது எங்கள் தியேட்டரில் எலும்பு ஆபரேஷன் என்றால் தகடு, ஸ்குரூ, சுத்தியல். தச்சுப் பட்டறைக்கும் எங்களுக்கும் வித்தியாசம், நாங்கள் கையுறை போட்டிருப்போம்.

சில வருஷம் கழித்து டாக்டர் தரணேந்திரன் வந்தார். இந்த மாவட்டத்துக்காரர்தான். தமிழ்ச் சமணக் குடும்பம், வீட்டில் நயினார் என்பார்கள். ஒல்லியான மனிதர், குரல் அதைவிட ஒல்லி. ஒரு சூட்கேஸைத் தானே தூக்கிக்கொண்டு தியேட்டருக்குள் வந்து மேஜைமேல் வைத்துத் திறந்தார். பென்சில் தடிமனில் ஒரு குழாய், அதன் முனையில் சாய்வாக ஒரு கண்ணாடி, ஒரு சின்னக் கேமரா. மூட்டைப் பிளக்காமல் சின்னத் துளை வழியாக உள்ளே பார்க்கும் கருவி. ஆர்த்ரோஸ்கோப். எங்களுக்கு வாயில் நுழையாததால் ஸ்கோப் என்றே ஆகிவிட்டது.

சார் என்றால் எனக்கு இன்றைக்கும் அவர் ஒருவர்தான். அவரிடம் மூன்று பழக்கங்கள் இருந்தன, மூன்றையும் நாங்கள் கேலி செய்வோம்.

முதலாவது, பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். அவர்கள் வழக்கம் அது. இதில் எங்களுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. மலைக்குக் கிழக்கே இருக்கிற ஊர் இது. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், ஆனால் வெளிச்சம் இன்னும் ரொம்ப நேரம் இருக்கும். எதைப் பொழுது சாய்ந்தது என்று எடுத்துக்கொள்வது? சார் மலையைத்தான் கணக்கு வைப்பார். சூரியன் மலை முதுகைத் தொட்டால் டிபன் டப்பாவைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலை வரை பட்டினி. ஆபரேஷன் வரிசையே அதை வைத்துத்தான் போடுவோம்.

இரண்டாவது, எதைக் கேட்டாலும் "பாக்கலாம், பாத்துட்டுச் சொல்லலாம்" என்பார். கண்ணால் பார்க்காததைச் சொல்லவே மாட்டார். நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு இது பிடிக்காது. அவர்களுக்கு "கவலப்படாதீங்க" என்ற ஒரு வார்த்தை வேண்டும். சாரிடம் அது வராது.

மூன்றாவதுதான் துணி. குடிக்கிற தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது அவர்கள் வீட்டு முறை. அந்தப் பழக்கத்தைத் தியேட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார். ஸ்கோப் போட்டுப் பார்க்கும்போது மூட்டுக்குள் சலைன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே தெளிவாகத் தெரியும். ஓடிய தண்ணீர் வாளியில் விழும். அந்த வாளி வாயில் வெள்ளை மல் துணியை நாலாக மடித்துக் கட்டச் சொன்னார். கட்டினேன். ஆபரேஷன் முடிந்ததும் துணியை அவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கழுவிய தண்ணீரை வடிகட்டி என்ன ரசம் வைக்கப் போகிறாரா என்று எங்கள் மயக்க மருந்து டாக்டர் பர்வீன் மேடம் அவர் இல்லாதபோது கேட்பார்.

கேலி கொஞ்ச நாள்தான். அடி அண்ணாமலையிலிருந்து ஒரு விவசாயி, வருஷக் கணக்கில் முழங்கால் வீங்கிக்கொண்டே இருந்தது. ஊசி போட்டும் நீர் எடுத்தும் பார்த்தாயிற்று. சார் ஸ்கோப் விட்டுப் பார்த்தார். உள்ளே சிவந்து கிடந்ததே தவிர காரணம் ஒன்றும் தெரியவில்லை, கழுவி விட்டார். துணியை அவிழ்த்தால், மடிப்பில் கடுகை விடச் சின்னதாக ஒரு கறுப்பு முனை. சீமைக் கருவேல முள். எப்போதோ குத்தி உள்ளேயே முறிந்து போனது. எக்ஸ்ரேயில் முள் தெரியாது. அந்த ஆளின் வீக்கம் அதோடு வற்றியது. அன்றிலிருந்து சார் அவிழ்ப்பதற்கு முன்னால் நானே போய் அவிழ்த்துப் பார்ப்பேன். "ஒனக்கு மூக்கு நீளம்" என்று அம்மா சொல்வாள், அது உண்மைதான்.

இன்னொரு ஆள் வந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மணிலாக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலைக் கொல்லைக்கு, பன்றி வருகிறதென்று காவலுக்குப் போனவர். யாரோ நாட்டுத் துப்பாக்கியால் பன்றியைச் சுட, அவர் தோளில் ரவை. எக்ஸ்ரேயில் மிளகு தூவினாற்போல் இருந்தது. எல்லாவற்றையும் நோண்டி எடுக்கப் போகிறோம் என்று நான் சாமான்களை எடுத்து வைத்தேன். சார் மேலாக இருந்த ரெண்டை எடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டார். சதைக்குள் இருக்கிற ஈயத்தை உடம்பு சுற்றி உறை போட்டு மூடிவிடும், அது பாட்டுக்குத் தூங்கட்டும், எடுக்கிறேன் என்று சதையைக் கிழிப்பதுதான் கெடுதல் என்றார். எனக்குச் சப்பென்று போயிற்று. ஆனால் அந்தப் பேச்சு காதில் நின்றது.

இப்போது ஏழுமலைக்கு வருகிறேன். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும்.

ஏழுமலை ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் கிராமத்துக்கு நாலு பேராவது பட்டாளத்துக்குப் போயிருப்பார்கள், அதில் ஒருவர். வடக்கே எல்லையில் காவலில் இருந்தபோது எங்கேயோ பட்டுத் தெறித்து வந்த குண்டு வலது தோளில் புகுந்து, தோள்மூட்டு எலும்பின் ஓரத்தில் பதிந்து நின்றுவிட்டது. அப்போது பார்த்த ராணுவ டாக்டர்கள், நின்ற இடத்தில் நிற்கட்டும், எடுக்கப் போனால் கை போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அது சரியான முடிவுதான். குண்டும் பல வருஷம் தொந்தரவு இல்லாமல் இருந்தது. பிறகு எலும்பிலிருந்து கழன்று மூட்டுக்குள் விழுந்துவிட்டது. கையைத் தூக்கினால் உள்ளே கடக்கென்று மாட்டிக்கொள்ளும்.

அவரோடு மனைவி சரோஜா வந்திருந்தாள். வந்தாளே தவிர அவரைப் பார்த்துப் பேசவில்லை. அவர் ஒன்று கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். அட்மிஷன் போடும்போது பர்வீன் மேடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குடி உண்டா? இல்லை என்றார் ஏழுமலை. சரோஜா ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பட்டாளத்து ஆள் என்றால் கேன்டீன் சரக்கு என்பது சொல்லாமலே ஒட்டிக்கொள்ளும். மாதா மாதம் மிலிட்டரி கேன்டீனில் மலிவாகப் பாட்டில் கிடைக்கும். அது வருகிற நாளைக்கு அவர்கள் வீட்டு வாசலில் ஊரில் உள்ள உறவெல்லாம் புதிதாக முளைக்கும். ஏழுமலைக்கு வயிற்றில் முறுக்கி முறுக்கி வலி. கை நடுக்கம். ரத்தம் குறைந்து வெளுத்த முகம். எடுத்ததற்கெல்லாம் எரிச்சல், சாப்பாட்டுத் தட்டை வீசி எறிகிற அளவுக்கு. இதையெல்லாம் அடுக்கி, மிலிட்டரிக்காரர் என்று சேர்த்தால், டாக்டருக்குப் படித்தவர்களும் பால் கறப்பவர்களும் ஒரே விடைதான் சொல்வார்கள். முன்னால் பார்த்த இரண்டு டாக்டர்களும் குடியை நிறுத்தச் சொல்லி மாத்திரை எழுதியிருந்தார்கள்.

மதியம் வார்டில் சரோஜா என்னிடம் கொட்டித் தீர்த்தாள். நான் கேட்காமல் இல்லை.

"கேன்டீன்ல வாங்கியாறதெல்லாம் மச்சானுக்குக் குடுத்துட்டேன், இவனுக்குக் குடுத்துட்டேன்றாரு. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. அதெல்லாம்கூடப் பொறுத்துக்குனேன் சிஸ்டர். போன மாசம் நடுவாசல்ல நின்னு மலையப் பாத்து, கற்பூரத்த அணைச்சி, நான் குடிக்கலன்னு சத்தியம் பண்ணாரு. மறுநாளே வயித்தப் புடிச்சிக்கினு சுருண்டு கெடக்கறாரு. மலையப் பாத்துப் பொய்ச் சத்தியம் பண்ண ஆளோட எப்படிங்க இருக்கறது?"

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே கோயிலுக்குள் போய்ச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. மலைதான் சாமி. எந்தத் தெருவில் நின்றாலும் அது பார்த்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துப் பொய் சொல்கிறவனைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. சரோஜா மகளை ஏற்கெனவே அவலூர்பேட்டையில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தாள். ஊரில் நாலு பேர் நாக்கில் விழக் கூடாதென்று ஆபரேஷன் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு, டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவரை அவர் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுத் தானும் போய்விடப் போவதாகச் சொன்னாள். அழவில்லை. முடிவெடுத்த பெண்கள் அழமாட்டார்கள்.

எனக்கு ஒரு விஷயம் இடித்தது. பெரிய குடிகாரர்களை ஆபரேஷனுக்கு அட்மிட் செய்தால் இரண்டாம் நாள் மூன்றாம் நாள் கூத்து ஆரம்பித்துவிடும். குடிக்காததால் உடம்பு உதறும், வேர்க்கும், சுவரில் பல்லி ஓடுகிறது, பாம்பு ஓடுகிறது என்பார்கள். அதற்காகப் பர்வீன் மேடம் மருந்தெல்லாம் தயாராக எழுதி வைத்திருந்தார். ரத்தம் ஏற்றுவதற்காக ஏழுமலையை முன்கூட்டியே அட்மிட் செய்திருந்தோம். மூன்றாம் நாளும் போயிற்று. நடுக்கம், அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இருந்த அதே அளவில்தான் இருந்தது. பாம்பும் வரவில்லை பல்லியும் வரவில்லை. மனிதர் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் அன்று காலை மயக்கத்துக்கு முன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார் பர்வீன் மேடம். ஈறு ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. புகையிலை போடுவீங்களா என்றார். இல்லை என்றார் ஏழுமலை. மேடம் எழுதிக்கொண்டார், நம்பவில்லை. குடிக்கிற ஆட்கள் லேசில் மயங்கமாட்டார்கள் என்று மருந்தைக் கூடுதலாக எடுத்து வைத்திருந்தார். பாதி ஏறுவதற்குள் ஏழுமலை தூங்கிவிட்டார். மேடம் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்மியாத்தானே போட்டேன்" என்றார்.

குண்டு எங்கே இருக்கிறது என்பதுதான் சாருக்குப் பெரிய கவலை. எங்களிடம் இரண்டு எக்ஸ்ரே இருந்தன. ஒன்றில் குண்டு மூட்டுக்கு அடியில் தொங்குகிற சின்னப் பையில் இருந்தது. இன்னொன்றில் முன்பக்கம், எலும்புக்குக் கீழே ஒதுங்கி இருந்தது. மூட்டுக்குள் இருக்கிற குண்டு, படுத்தால் ஒரு பக்கம் எழுந்தால் ஒரு பக்கம் என்று வீடு மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஆளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலது கையை எடை கட்டித் தொங்கவிட்டு, எந்த நிலையில் வெட்டப்போகிறோமோ அதே நிலையில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். குண்டு முன்பக்கம் இருந்தது.

பிறகு தோளில் எலும்புகளின் விளிம்பையெல்லாம் பேனாவால் வரைந்தார். சார் வரைந்தால் கோலம்போல இருக்கும், அவசரமே படமாட்டார். முதுகுப் பக்கம் எலும்பு மூலைக்குக் கீழே மெத்தென்று ஒரு இடம் உண்டு. அங்கே நீள ஊசியால் மூட்டுக்குள் சலைனை நிரப்பி, பொத்தான் துளை அளவு கீறி, ஸ்கோப்பை உள்ளே விட்டார். அப்போது பம்பு கிடையாது. சலைன் பையை ஸ்டாண்டில் உயரமாகத் தொங்கவிடுவோம். உள்ளே ரத்தம் கசிந்து படம் கலங்கினால் நான் ஸ்டாண்டை இன்னும் உயர்த்துவேன். என் வலது கையும் அந்த வருஷங்களில் நன்றாகத் தேய்ந்தது.

டி.வி.யில் உள்ளே தெரிந்தது. மூட்டின் உள்தோல் ஆரோக்கியமாக இருந்தால் வெளிறிய ரோஜா நிறத்தில் மினுங்கும். இது கறுத்துக் கிடந்தது. குழந்தைக்கு மை தீட்டி அது கன்னமெல்லாம் இழுவியதுபோல் இருந்தது. சார் ஸ்கோப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஏன் சார் இப்படி என்றேன். "பாக்கலாம்" என்றார்.

குண்டு தெரிந்தது. செம்பு உறை ஒரு பக்கம் கிழிந்து உள்ளே இருந்த ஈயம் வெளியே தெரிந்தது. சொறி பிடித்தாற்போல் அரித்துப் போயிருந்தது. முன்பக்கம் இன்னொரு துளை போட்டு, பிடிக்கும் இடுக்கியை அதன் வழியாக விட்டார். தொட்டதும் நழுவியது. மறுபடி தொட்டார், மறுபடி நழுவியது. ஓடுகிற தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று, தண்ணீர் வருகிற வழி போகிற வழி இரண்டையும் அடைக்கச் சொன்னார். அடைத்தேன். குளத்தில் மீன் பிடிக்கிறவன் போலத் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெளியிலிருந்து ஒரு நீள ஊசியைக் குத்தி, குண்டை ஓரமாக அழுத்தி ஓடாமல் நிறுத்தி, அதன் பிறகு இடுக்கியால் கவ்வினார். கவ்வினால் மட்டும் போதாது. துளை சின்னது, குண்டு பெரிது. வருகிற வழியில் கைவிட்டால் சதைக்குள் போய் ஒளிந்துகொள்ளும், பிறகு தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, குண்டின் கூர்ப்பக்கம் முன்னால் வரும்படி திருப்பி, மெல்ல, மிக மெல்ல எடுத்தார்.

சினிமாவில் குண்டை எடுத்துத் தட்டில் போட்டால் டங் என்று சத்தம் வரும். எங்கள் தியேட்டரில் அப்படிப் போட்டால் சார் கோபப்படுவார். குண்டில் கீறல் விழக் கூடாது, போலீஸ் கேட்டால் உள்ளபடி கொடுக்க வேண்டும். பஞ்சுத் துணியில் வாங்கி, பிளாஸ்டிக் குப்பியில் போட்டு, மூடி ஒட்டிக் கையெழுத்து வாங்கினோம். சத்தமே இல்லாமல் முடிந்தது.

கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் வாளித் துணியை அவிழ்த்தேன்.

துணி முழுக்க மண் நிறத்தில் கறை. முதல் மடிப்பில் மணல்போல் கறுப்புத் துகள். கடைசி மடிப்பு வரைக்கும் சாம்பல் இறங்கியிருந்தது. குண்டு முழுசாக வந்துவிட்டது, கிழிந்த உறையும் அதோடு வந்துவிட்டது, பின்னே இது எங்கிருந்து? சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு துகளை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்து விரலால் தேய்த்தார். பென்சிலால் இழுத்ததுபோல் சாம்பல் கோடு விழுந்தது.

"ஈயம்" என்றார். பிறகு அவரே தனக்குள் பேசுவதுபோல, சதையில் இருந்தால் தூங்கும், இது சதையில் இல்லையே, மூட்டு நீரில் அல்லவா ஊறிக்கொண்டிருந்தது என்றார். புளியில் போட்ட பித்தளைபோலக் கரைந்திருக்கிறது. கரைந்தது எங்கே போயிருக்கும்? நேராக ரத்தத்துக்குத்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பர்வீன் மேடம் திறந்துவிட்டார். "சார், ஈறுல ஒரு கோடு இருந்துச்சு. நான் புகையிலைன்னு நெனச்சேன்."

சார் ரத்தம் எடுத்து, ஈயம் எவ்வளவு என்று பார்க்கச் சென்னைக்கு அனுப்பச் சொன்னார். ரிப்போர்ட் வர ஒரு வாரமாவது ஆகும். அறைக்குப் போய்ப் பெரிய புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் நாள் வந்துவிட்டது. தோள் நன்றாக இருந்தது. சாயங்கால பஸ்ஸுக்கு சரோஜா பையைக் கட்டி வைத்துவிட்டாள். ஏழுமலையின் அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் சாரிடம் போய் நின்றேன். விஷயத்தை எல்லாம் சொன்னேன், மலை சத்தியம் உட்பட. அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார் என்றேன்.

"சென்னையிலேர்ந்து ரிப்போர்ட் வரட்டும் சிஸ்டர். பாக்காம எப்படிச் சொல்றது?"

"அதுக்குள்ள பஸ்ஸு போயிடும் சார்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சமணருக்கு எறும்பைக் கொல்லக் கூடாது, ஒரு குடும்பம் போனால் பரவாயில்லையா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவர் மேஜைமேல் டிபன் டப்பா இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சூரியன் மலை முதுகை நெருங்கிக்கொண்டிருந்தது. சார் டப்பாவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், எழுந்து லேபுக்குப் போனார்.

ஏழுமலையின் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்கள். சார் குனிந்தவர் நிமிரவே இல்லை. வெளியே மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது. டப்பா மேஜைமேல் மூடியபடி இருந்தது. அன்று அவருக்குப் பட்டினி என்பது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "பாருங்க" என்று எனக்கு இடம் விட்டார். சிவப்பு அணுக்களுக்குள் பொடிப் பொடியாக நீலப் புள்ளிகள். சரோஜாவைக் கூட்டி வரச் சொன்னார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதைக் கடைசியில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சென்னை ரிப்போர்ட் வந்தது, ரத்தத்தில் ஈயம் ஏகத்துக்கும் இருந்தது. அதை வெளியேற்ற மருந்து கொடுத்தோம். வயிற்று வலி முதலில் போனது, பிறகு நடுக்கம், எல்லாவற்றுக்கும் பிறகு அந்த எரிச்சல். அடுத்த வருஷம் தீபத்தன்று கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். வலது கையை மேலே தூக்கிக் கும்பிட்டார். நல்லா தூக்குகிறாரே என்று நான் கையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். தொழில் புத்தி.

சரோஜா லேபுக்குள் தயங்கித் தயங்கி வந்தாள். பையைத் தோளிலேயே வைத்திருந்தாள். சார் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால் பார்க்கச் சொன்னார். தெரியவில்லை என்றாள். திருகைத் திருப்பினார். தெரிகிறது என்றாள்.

"இன்னா தெரியுதும்மா?"

"செவப்பா வட்ட வட்டமா. உள்ளார நீலமா புள்ளி வச்சிருக்கு."

அது உன் வீட்டுக்காரரின் ரத்தம் என்றார் சார். குண்டில் இருந்த ஈயம் கரைந்து ரத்தத்தில் சேர்ந்தால் இப்படிப் புள்ளி வரும், ஈறில் கோடு வரும், வயிறு முறுக்கும், கை நடுங்கும், கோபம் வரும் என்றார். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சென்னை ரிப்போர்ட் வந்தால்தான் முழுசாகச் சொல்ல முடியும் என்பதையும் விடாமல் சொன்னார்.

அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அப்ப அவரு மலையப் பாத்துச் சொன்னது நெசந்தானுங்களா?"

சார் என்னைப் பார்த்தார். அது அவர் பார்க்காத விஷயம். "அது எனக்குத் தெரியாதும்மா. இந்த நோவு இருந்தா, ஒரு சொட்டுக் குடிக்காத ஆளுக்கும் இதெல்லாம் வரும். அத நான் சொல்ல முடியும்."

அதற்குமேல் அவர் சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும். நான் பார்த்ததை நான் சொன்னேன். குடிக்கிற ஆளாக இருந்தால் இத்தனை நாளில் உதறி, உளறி, வார்டையே இரண்டாக்கியிருப்பார், இவர் ஒரு ராத்திரிகூட அப்படிச் செய்யவில்லை, மயக்க மருந்தும் பச்சைப் பிள்ளைக்குப் போல லேசாகத்தான் பிடித்தது என்றேன். சார் மறுக்கவில்லை. தலையைக்கூட ஒரு தடவை ஆட்டினார்.

சரோஜா எழுந்து வார்டுக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன். மூக்கு நீளம் என்றுதான் முன்பே சொல்லிவிட்டேனே.

ஏழுமலை சட்டை மாற்றி, கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, அண்ணன் வருவதற்காகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சரோஜா அவர் எதிரில் போய் நின்றாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கோபமாகத்தான் பேசினாள்.

"இன்னொரு தபா சொல்லியிருந்தா இன்னா? அப்பிடியே வுட்டுடுவியா?"

அவருக்கு விஷயம் இன்னும் தெரியாது. ஆனால் எதைப் பற்றிக் கேட்கிறாள் என்பது தெரிந்திருக்க வேண்டும். தூளியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ, எங்கண்ணன், டாக்டருங்க, எல்லாரும் சொல்லிச் சொல்லி, குடிச்சிட்டுத்தான் மறந்துட்டனோன்னு எனக்கே ஆயிடுச்சு சரோஜா."

அவள் தோளிலிருந்த பையை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாயைத் திறக்கச் சொல்லி, உதட்டை விரலால் விலக்கி, அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.